முன்னறைக் கண்ணாடி டம்ளர்கள்

கல்லூரியில் நான் சமூகவியல் எடுக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மாணவர்களுக்கு அது பிடிக்கும். கோட்பாடு என்றால் என்ன என்று கேட்டால் சுற்றி வளைக்க மாட்டேன். கண்முன் நடப்பது ஏன் நடக்கிறது என்று காரணம் சொல்வதுதான் கோட்பாடு. நல்ல கோட்பாடு ஒரு வீட்டில் நடப்பதை வைத்து ஊரையே விளக்கிவிடும். அதற்கு ஒத்துவராத ஒன்று எதிரே வந்தால் கோட்பாட்டைத்தான் திருத்த வேண்டும், கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. இதை வருஷா வருஷம் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன்.

அடுத்து முன்மேடை, பின்மேடை. மனிதர்கள் பிறர் முன்னால் ஒரு வேஷம் கட்டுகிறார்கள், மறைவில் அதைக் கழற்றி வைக்கிறார்கள் என்பது அந்தக் கோட்பாடு. இதற்கு என்னிடம் கைவசம் ஒரு உதாரணம் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு அம்மா என்று ஆரம்பிப்பேன். அந்த அம்மா வீட்டுக்கு ஆள் வந்தால் தையல் மெஷின் திரைக்குப் பின்னால் போய்விடும். அலமாரியிலிருந்து பூப்போட்ட கண்ணாடி டம்ளர்கள் இறங்கும். டீ கொடுக்கும்போது குரல்கூட மாறிவிடும். அந்தக் குரலை நடித்துக் காட்டுவேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கும்.

அந்த அம்மா என் அண்ணி. அண்ணன் இறந்த பிறகு துணி தைத்துத்தான் மகளைப் படிக்க வைக்கிறார். பிறந்த வீடு என்று நான் போய் உட்கார மிஞ்சியிருப்பது அவருடைய அந்த முன்னறை ஒன்றுதான்.

இந்த வருஷம் அண்ணியின் மகள் என் துறையிலேயே சேர்ந்தாள். அத்தை மாதிரி வாத்தியாராக வேண்டுமாம். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வகுப்பில் அவள் இருப்பது தெரிந்துதான் இருந்தது. ஆனால் பழகிய வாய் நிற்குமா? உதாரணத்தை ஆரம்பித்து, தையல் மெஷினைத் திரைக்குப் பின்னால் தள்ளிய பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். டம்ளரோடு நிறுத்திக்கொண்டேன், குரலை நடிக்கவில்லை. அதற்குள் வகுப்பு சிரித்துவிட்டது.

அவள் எழுந்து நின்றாள். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிதானமாக, அந்த டம்ளர் எல்லா விருந்தாளிக்கும் வருமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

“இல்ல மேடம். பக்கத்து வீட்டுக்காரங்க, தைக்கக் குடுக்க வர்றவங்க, எல்லாருக்கும் எவர்சில்வர்தான். மெஷினும் இருந்த இடத்துலயேதான் இருக்கும். ஒரே ஒருத்தர் வந்தா மட்டும்தான் இதெல்லாம். அவங்க எதையாவது உத்துப் பாத்துக்கிட்டே இருப்பாங்கன்னு அந்த அம்மாவுக்குப் பயம்.”

யாருப்பா அந்த ஆள் என்று பின்வரிசையில் எவனோ கேட்டான். அவள் சொல்லவில்லை. என்னைப் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டாள். என் மானத்தைக் காப்பாற்றினாள், அதுதான் இன்னும் சுட்டது. அந்த வீட்டில் ஒன்று விடாமல் கவனித்தவள் நான். அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்த என்னை மட்டும் கவனிக்கத் தவறிவிட்டேன். கூனிக் குறுகிப்போய் வகுப்பை முடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மன்னிப்புக் கேட்கப் போனேன். மகள் எதுவும் சொல்லியிருக்கவில்லை என்பது அண்ணி கதவைத் திறந்த விதத்திலேயே தெரிந்தது. சொல்லாமல் வந்துவிட்டாயே என்று பதறிக்கொண்டு மெஷினைத் தள்ளப் போனார். இருக்கட்டும் அண்ணி என்றேன், கேட்கவில்லை. மகள் உள்ளறையில் புத்தகத்திலிருந்து தலை தூக்கவில்லை. அண்ணி அலமாரியைத் திறந்தார். மனப்பாடம் செய்துகொண்டு போன மன்னிப்பை விட்டுவிட்டு வேறொன்றைச் சொன்னேன்.

“அண்ணி, எனக்கு எவர்சில்வர் டம்ளர்லயே குடுங்க.”

அவர் கை அப்படியே நின்றது. கண்ணாடி டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏம்மா, நல்லாத்தான கழுவி வெச்சேன்... அழுக்கா தெரியுதா? இரு, இன்னொரு தடவை கழுவிட்டு வந்துடறேன்.”