ஆளுயரப் படம்

அந்தோணியார் மேல் சத்தியம், இதில் ஒரு சொல் பொய்யில்லை. கூட்டிச் சொன்னதும் இல்லை, குறைத்துச் சொன்னதும் இல்லை. பொய் என்று யாராவது நிரூபித்தால், சொன்ன வாயில் எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பலை அள்ளிப் போடலாம்.

ராயபுரம் தோணிக்காரர் சந்தில் எல்லா வீட்டுக்கும் சேர்த்துத் தண்ணீர் இழுக்க ஒரே ஒரு மோட்டார். அதன் சாவி வெகுகாலம் டி.வி. மெக்கானிக் இக்னேஷியஸின் இடுப்பில் தொங்கியது. வணக்கம் சொன்ன வீட்டுக்கு முதலில், சொல்லாத வீட்டுக்குக் கடைசியில் என்று அவர் தண்ணீர் விட்ட அழகைப் பார்த்துவிட்டு, சந்துக்காரர்கள் சாவியைப் பிடுங்கி மளிகைக்கடை மாசானத்திடம் கொடுத்தார்கள். மாசானம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். முதலில் அவர் தொப்பை வரும், பின்னால் அவர் வருவார்.

அடுத்த வாரம் மோட்டாரைக் காணோம். இக்னேஷியஸ்தான் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் காசிமேட்டுக் கடலில் போட்டிருந்தார். சாவி தன்னிடம் இல்லாத மோட்டார் யாரிடமும் இருக்க வேண்டாம் என்பது அவர் நியாயம்.

சந்து கூடித் தீர்ப்புச் சொன்னது. எடுத்தவன் எவனோ, அவன் காலம் முழுக்கத் தெருமுனைக்கு வரும் லாரியிலிருந்து எல்லா வீட்டுக்கும் தண்ணீர் சுமக்க வேண்டும். சொன்னவுடனே பெண்கள் முகத்தில் ஒரு களை வந்தது. அகப்படுவது திருடன்தானா என்பதெல்லாம் அந்த நிமிஷமே இரண்டாம் பட்சமாகிவிட்டது. சுமக்க ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

தையல்கடை மொஹ்சின் அப்போதுதான் வாயைத் திறந்தான். அவன் கடைக் கேமராவில் ஒரு ஆள் மோட்டாரோடு நடந்து போவது பதிவாகியிருந்தது. செல்போனில் அந்த ஆள் எறும்பளவு இருந்தான்.

"இது ஆளா, ஆட்டுக்குட்டியா?" என்றான் நோயல். அவன் இக்னேஷியஸின் மச்சான், பெரம்பூர் ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை. "என் தோஸ்து வூட்ல சுவரு அகலத்துக்கு டி.வி. கீது. அங்க போட்டுப் பாத்தா மூக்கு மயிரு வரிக்கும் தெரியும்."

இக்னேஷியஸ் குறுக்கே பாய்ந்தார். "எதுக்குபா பெரம்பூரு? நான் இன்னாத்துக்குக் கீறேன்? நானே புரொஜெக்டர் செஞ்சு இங்கயே சினிமா கணக்கா காட்டறேன்."

இப்படியாக, ஒன்றும் தெரியக்கூடாது என்பதற்காகவே ஒரு புரொஜெக்டர் உருவாயிற்று. ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி ஒன்று. அதற்குள் ஒரு ஃபோகஸ் லைட்டு. அதன் முன்னால், முதுகுத் தகட்டைக் கழற்றிய பழைய லேப்டாப் திரை, தலைகீழாக; லென்ஸ் படத்தைக் கவிழ்த்துவிடும் என்பதால் முன்கூட்டியே கவிழ்த்து வைத்தார். லென்ஸுக்கு ரசூல் பீவியின் பூதக்கண்ணாடி. எண்பதைத் தொட்டுவிட்ட அந்த அம்மாள் அதை வைத்துத்தான் குர்ஆன் ஓதுவாள். கேட்கக்கூட இல்லை, மடியிலிருந்து எடுத்துக்கொண்டார். ஒரு பிளாஸ்டிக் குழாயில் அதைப் பொருத்தி, இன்னொரு குழாய்க்குள் முன்னும் பின்னும் நகரும்படி செருகினார். மொத்தத்தையும் காய்கறித் தள்ளுவண்டியில் ஏற்றினார்.

வண்டியைச் சுவரிலிருந்து பின்னுக்கு இழுத்தால் படம் பெரிசாகும், கூடவே கலங்கும். குழாயை உள்ளே தள்ளினால் கலங்கல் தெளியும். இக்னேஷியஸ் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பழகியது இதற்கு நேர்மாறான வித்தை. படம் முழ உயரம் இருக்கும்போது குழாயை ஒரு நகக்கண் அளவு வெளியே இழுத்துவிட்டால், தோளில் இருக்கும் மோட்டார் கரைந்து வழிந்து வயிற்றில் வந்து சேர்ந்தது. அசல் மாசானம். இக்னேஷியஸ் அன்று நன்றாகச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு, பொழுது சாய்ந்ததும், சந்தின் விளக்குக் கம்பத்தில் சாக்கைக் கட்டி இருட்டாக்கினார்கள். மொஹ்சின் தைத்துக் கொடுத்த வெள்ளைத் துணி சுவரில் ஏறியது. பெண்கள் குடங்களோடு வந்திருந்தார்கள். படம் விழுந்தது.

"ஐயே, அண்ணாச்சி!" என்று சந்தே கத்தியது.

"என்னவே இது!" என்றார் மாசானம். "ஊருல எனக்கு மட்டுந்தான் தொப்ப இருக்கோ?"

"சாவியும் ஒன்னாண்டதானே இருந்துச்சு?" என்றாள் இக்னேஷியஸின் மனைவி ஆலிஸ். மாசானம் காலடியில் முதல் குடத்தை வைத்தவளும் அவள்தான். மற்றக் குடங்கள் மடமடவென்று வந்து சூழ்ந்தன. காலையில் கடனுக்குப் பருப்பு வாங்கியவளும் ஒரு குடம் வைத்தாள்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். பின்வரிசைக்குத்தான் படம் சரியாகத் தெரியவில்லை.

"நைனா, பெருசா போடு! துட்டு குடுக்காம பாக்குறோம்னு சின்னதா காட்டறியா?"

"இதான்பா அளவு" என்றார் இக்னேஷியஸ். "இதுக்கு மேல போனா படம் பேஜாராயிடும்."

யார் கேட்கிறார்கள்? நாலு பேர் வண்டியைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தார்கள். படம் வளர்ந்தது, தொப்பை கரைந்தது, தோள் அகன்றது. இப்போது அது நோயல். குடங்கள் நோயலிடம் நகர்ந்தன.

"நான் அன்னிக்கு டூட்டில இருந்தேன்பா!"

"டூட்டிக்கு எப்டிப் போன? மோட்டார் தூக்கினுதானே?"

மாசானம் தன்னிடமிருந்த குடங்களைத் தானே சுமந்து கொண்டுவந்து நோயலிடம் அடுக்கினார். அன்று சந்து பார்த்ததிலேயே அதுதான் சுறுசுறுப்பான காரியம். "இன்னும் பெருசு!" என்றான் நோயல், தப்பிக்கும் அவசரத்தில். வண்டி இன்னும் பின்னே போனது. ஆள் கூனினான், மோட்டார் முக்காடு போலத் தலையில் இறங்கியது. சந்தேகமே இல்லை, ரசூல் பீவி. ஒருவரும் ஒரு நொடி தயங்கவில்லை. அத்தனை குடமும் அவள் முன்னால் போய் இறங்கின.

"பூதக்கண்ணாடியும் என்னிது, கொடமும் எனக்கா?" என்று கேட்டாள் ரசூல் பீவி.

"வயசானா இன்னா? மெதுவா தூக்கு" என்றாள் ஆலிஸ்.

இக்னேஷியஸ் மூச்சு விட்டார். மாசானம் இல்லாவிட்டால் கிழவி, யாராக இருந்தால் என்ன. குழாயிலிருந்து கையை எடுக்கப் போனார். அந்த நேரம் பார்த்து மொஹ்சின், "ஆளுயரத்துக்குப் போட்ருங்க மாமு, தையல் அளவு எடுத்தாப்ல தெரிஞ்சிரும்" என்றான். வண்டியைச் சந்தின் கடைசிச் சுவர் வரைக்கும் உருட்டிவிட்டார்கள். படம் ஆளுயரம் ஆயிற்று. உருவமே இல்லை, வெறும் பால் கஞ்சி.

அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் முப்பது வருஷம் அடுத்தவர் டி.வி.யைத் திருகித் திருகித் தெளிய வைத்த கை அது. கலங்கிய படத்தைப் பார்த்தால் அதற்கு அரிக்கும். மூளை வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்ச, கை பாட்டுக்குக் குழாயை உள்ளே தள்ளியது. கொஞ்சம் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. ஒரு மயிரிழை பின்னே இழுத்தது. நின்றது.

அட்டைப்பெட்டியிலிருந்து அப்படி ஒரு தெளிவு உலகத்தில் எங்கும் வந்ததில்லை. பனியனின் ஓட்டை, மோட்டாரின் கம்பெனிப் பெயர், கன்னத்து மரு, எல்லாம் தெரிந்தன. படத்து ஆள் திரும்பிச் சந்தைப் பார்த்துச் சிரித்தான்.

முதலில் கைதட்டினார்கள். தெளிவுக்காக.

"என் புருசன் இன்னா களையா கீறாரு பாரேன்!" என்று பூரித்தாள் ஆலிஸ். அப்புறம்தான் அவள் வாய் மூடியது. மூடிய வாயோடு எழுந்து போய், ரசூல் பீவி முன்னாலிருந்த தன் குடத்தை எடுத்து வந்து புருஷன் காலடியில் வைத்தாள். அவள்தான் இப்போதும் முதல்.

இக்னேஷியஸ் சுமந்தார். காலையில் லாரி, மாலையில் லாரி. வலது தோள் இறங்கிப்போய், சட்டை தைக்க வந்தவரை மொஹ்சின் இரண்டு ஆளாக அளவெடுத்தான். ரசூல் பீவிக்குப் பூதக்கண்ணாடி திரும்பக் கிடைக்கவில்லை. ஞாயிறு தவறாமல் சந்துக்கு அது தேவைப்பட்டது. மாசானம் கடலை வறுத்துக் கொண்டுவந்து விற்றார். கூட்டம் உட்கார்ந்ததும், குடத்தை இறக்கி வைத்துவிட்டு இக்னேஷியஸே வண்டியை உருட்டி, ஆளுயரத்துக்கு வைத்து, குழாயைத் தள்ளித் தன் முகத்தைத் தெளிய வைக்க வேண்டும். வேறு யார் கைக்கும் அந்தத் தெளிவு வரவில்லை. கொஞ்சம் கலங்கினாலும் முன்வரிசையிலிருந்து ஆலிஸ் குரல் கொடுப்பாள்: "யோவ், மரு தெரில!"

தோணிக்காரர் சந்து இருந்த இடத்தில், செல்போன் என்ற ஒன்று வருவதற்கு முன்பிருந்தே, கன்டெய்னர் யார்டுதான் இருக்கிறது.