வராதவர் தரப்பு

நீதிமன்ற வாசலில் பெரியக்காவைப் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். காவலர் பைக்குள் கையை விட்டு, பழைய துணியில் சுற்றியிருந்த எஃகுத் துண்டை வெளியே எடுத்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். விரல் நீளம், கட்டைவிரல் தடிமன், மேலெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு.

“என்னம்மா இது?”

“மெஷின் சாமான். பின்னு.”

“இத வெச்சுக்கிட்டு கோர்ட்ல என்ன பண்ணப் போறீங்க?”

நியாயமான கேள்விதான். “பட்டறைக்குப் போற வழியில வந்தேன்” என்று ஏதோ உளறி வைத்தாள். அவர் விரலைத் துடைத்துக்கொண்டு பையைத் திருப்பிக் கொடுத்தார்.

பெரியக்கா என்பது பட்டறையில் எல்லாரும் கூப்பிடுகிற பேர். பெயிண்ட் டப்பாவுக்கு மூடி அடிக்கிற பட்டறை. அவளும் தம்பியும் பாதிப் பாதி. தகரத்தை மூடியாக்குகிற அச்சுகளைச் செய்வது அவள் வேலை, அந்த அச்சைத் தகரம் அடிக்கிற பிரஸ்ஸில் பூட்டி ஓட்டுவது தம்பி வேலை. இருப்பது ஒரே பிரஸ். அடுப்பு இல்லாத வீட்டில்கூடக் குடித்தனம் நடக்கலாம், பிரஸ் இல்லாமல் அந்தப் பட்டறை நாலு சுவரும் ஒரு கூரையும்தான்.

அந்தப் பிரஸ்ஸைத்தான் தம்பி விற்றுவிட்டான். காதும் காதும் வைத்த மாதிரி. ஒருத்தர் விற்பதானால் முதலில் மற்றவரிடம் சொல்ல வேண்டும் என்று இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இருக்கிறது. அதை மீறி, வாங்குகிறவனோடு பேசி முடித்துவிட்டான், இன்று மத்தியானம் லாரி வரப்போகிறது. விஷயம் அவளுக்குத் தெரிந்ததே முந்தா நாள்தான், அதுவும் தகரம் கொண்டுவருகிறவர் வாய் தவறிச் சொல்லி. ஆகாயத்துக்கும் பூமிக்குமாகக் குதித்திருக்கலாம். குதிக்கவில்லை. தம்பியிடம் ஒரு வார்த்தை பேசாமல் நேரே வக்கீலிடம் போனாள். இப்படிக் கோபத்தை உள்ளே வைத்துப் பூட்டுகிற ஆட்கள்தான் ஆபத்தானவர்கள்.

வக்கீல் சின்ன வயசுப் பெண், நடையே ஓட்டம் மாதிரி இருக்கும். மாடிப்படியில் ஏறிக்கொண்டே சொன்னாள். “அக்கா, நோட்டீஸ் குடுத்து உங்க தம்பிய வரவழைக்க நேரமில்ல. அதனால அவர் இல்லாமயே இன்னிக்கு இடைக்காலத் தடை கேக்கறோம். ஒரு பக்கத்த மட்டும் கேட்டுட்டு உத்தரவு போடறதுன்னா நீதிபதி சும்மா போடமாட்டாரு. நமக்கு ஆகாத விஷயமா இருந்தாலும் நாமளே முன்னாடி சொல்லிடணும். மறைச்சது பின்னாடி தெரிஞ்சா, தடையும் போயிடும், மானமும் போயிடும். வேற ஏதாவது இருக்கா?”

“ஒண்ணுமில்ல.”

“யோசிச்சுச் சொல்லுங்க.”

“ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல.”

பை தோளில் கனத்தது. அவ்வளவு சின்னச் சாமான் இவ்வளவு கனக்குமா என்று அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

அந்தப் பின்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிரஸ்ஸின் பெரிய சக்கரத்தையும் உள்ளே இருக்கிற தண்டையும் இணைப்பது அதுதான். அது இல்லாவிட்டால் மோட்டார் ஓடும், சக்கரம் சுற்றும், ஆனால் அடி விழாது. எப்போதோ ஒருமுறை, காலையில் சீக்கிரம் வந்த ஒருவன் யாரையும் கேட்காமல் ஓட்டிப்பார்த்து விரலை நசுக்கிக்கொண்டான். அதிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. சாயங்காலம் கடைசியாக ஷட்டரை இறக்குகிறவர் பின்னைக் கழற்றி, துடைத்து, வீட்டுக்கு எடுத்துப் போவார். நேற்று கடைசியாக இறக்கியது தம்பி. ஆனால் அவன் எடுத்துப் போகவில்லை. வாங்க வருகிறவனுக்கு ஓட்டிக் காட்ட வேண்டுமே என்று மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். விடியற்காலையில் தன் சாவியால் திறந்து, பெரியக்கா அதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். கோர்ட் கைவிட்டாலும் இந்தப் பின் கைவிடாது என்று ஒரு கணக்கு.

அறைக்குள் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். அவளால் உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியவில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள், பையை மடியில் வைத்தாள், காலடியில் வைத்தாள், மறுபடி மடிக்கே எடுத்தாள். முன்னால் யாரோ இருவர் ஒரு கிடங்கு வாடகையைப் பற்றி உப்புச் சப்பில்லாமல் வாதாடிக்கொண்டே போனார்கள். லாரி கிளம்பியிருக்குமா? ஓட்டுநர் சாப்பிட்டிருப்பாரா? பக்கத்தில் இருந்த பெரியவர் தள்ளி உட்கார்ந்தார்.

கடைசியில் கூப்பிட்டார்கள். வக்கீல் மளமளவென்று சொன்னாள். ஒப்பந்தம், மீறல், மத்தியானம் வரப்போகிற லாரி. நீதிபதி முகத்தைத் தூக்காமல் கேட்டார்.

“பிரஸ் போனா பணமா வாங்கிக்கலாமே. வேற பிரஸ் கிடைக்காதா?”

அதற்குப் பெரியக்காவே எழுந்துவிட்டாள். “கிடைக்கும்யா. ஆனா என் அச்சு அதுல உக்காராது. இந்த மெஷின் அளவுக்குன்னே ஒவ்வொண்ணா செதுக்கினது. மெஷின் போச்சுன்னா அத்தனையும் பழைய இரும்பு. எத்தன பணம் குடுத்தாலும் அந்த வேலைய நான் மறுபடி முதல்லருந்து செய்யணும். என் கண்ணு இனிமே அதுக்கு ஒத்துக்காது.”

நீதிபதி இப்போது நிமிர்ந்து பார்த்தார். தலையாட்டினார். வக்கீலுக்கு முகத்தில் களை வந்தது.

“சரி. இப்ப எனக்கு ஒரு கஷ்டம் இருக்கு” என்றார் நீதிபதி. “உங்க தம்பி இங்க இல்ல. அவர் பக்கத்தச் சொல்ல ஆளில்ல. அதனால அதையும் நீங்கதான் சொல்லணும். இப்ப அவர் உங்க பக்கத்துல நின்னா என்ன சொல்லுவாரு?”

“அவன் சொல்றதுக்கு என்னங்கய்யா இருக்கு? தப்புப் பண்ணினது அவன்.”

“அது உங்க பக்கம். நான் கேட்டது அவர் பக்கம்.”

பெரியக்கா வாயைத் திறந்தாள். மனசுக்குள் தம்பியைப் பக்கத்தில் நிற்க வைத்துப் பார்த்தாள். தலையில் தூசி, கையில் கந்தைத் துணி, இந்த நேரத்துக்குப் பட்டறையைத் தலைகீழாகக் கவிழ்த்துக்கொண்டிருப்பான். அவன் முதலில் என்ன கேட்பான் என்பதில் சந்தேகமே இல்லை.

“பின்னு எங்கன்னு கேப்பான்” என்றாள்.

வக்கீல் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் முகத்தில் ஈயாடவில்லை.

“என்ன பின்னு?” என்றார் நீதிபதி.

பெரியக்கா பையைத் திறந்து, துணியை விலக்கி, மேஜைமேல் வைத்தாள். என்ன சாமான், எதற்கு உதவும் என்று சொன்னாள். வக்கீல் சட்டென்று சுதாரித்துக்கொண்டு குறுக்கே விழுந்தாள். “ஐயா, அது அவங்க பட்டறை வழக்கம். கடைசியா மூடறவங்க பின்ன வீட்டுக்கு எடுத்துட்டுப் போவாங்க. பாதுகாப்புக்காக.”

“நேத்து கடைசியா மூடினது யாரு?”

‘நான்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? அந்தச் சொல் தொண்டை வரை வந்தது. ஆனால் அவன் பக்கத்தைச் சொல்கிறேன் என்று எழுந்து நின்றுவிட்டு, அவன் பக்கத்திலேயே பொய் சொல்வதா? அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“தம்பிதான்யா. நான் காலைல போய் எடுத்தேன். லாரி வந்தாலும் ஓட்டிக் காட்ட முடியாது, எடுக்க மாட்டாங்கன்னு எடுத்தேன்.”

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். “வேற என்ன சொல்லுவாரு?”

வேறு என்ன? சொல்ல ஆரம்பித்ததும் அது தானாக வந்தது. நிறுத்த முடியவில்லை. “காது கேக்கலன்னு சொல்லுவான். வலது காது. மெஷின் சத்தத்துல போயிடுச்சு. டாக்டர் இன்னும் கொஞ்ச நாள் இப்படியே ஓட்டினா இடதும் போயிடும்னாராம். என்கிட்ட சொன்னான். அப்ப நான் அச்சுல வேலையா இருந்தேன். பஞ்சு வெச்சுக்கடான்னேன். அப்புறம் இன்னொரு தடவ சொன்னான். ஆர்டர் முடியட்டும்னேன். வித்துடுறேன்னு எங்கிட்ட சொன்னா, நானே வாங்கிக்கறேன், நீயே ஓட்டுன்னுதான் சொல்லுவேன்னு அவனுக்குத் தெரியும். அதான் சொல்லாம வித்தான்னு சொல்லுவான்.”

“ஏன் விக்கறேன்னு அவரைக் கேட்டீங்களா?”

“இல்லைங்கய்யா. கேக்கல.”

கதை முடிந்தது என்று பெரியக்கா நினைத்தாள். தன் வழக்கைத் தானே குழி தோண்டிப் புதைத்தாயிற்று. வக்கீல் கோப்பை மூடவே ஆரம்பித்துவிட்டாள்.

நீதிபதி மெதுவாகப் பேசினார். “ஒப்பந்தத்த அவர் மீறினாரு, அதுல சந்தேகமில்ல. ஆனா நீங்க இங்க வந்து நியாயம் கேக்கறதுக்கு முன்னாடியே உங்க கைல ஒரு நியாயத்த எடுத்துக்கிட்டீங்க. மறைச்சிருந்தா வெறுங்கையோட அனுப்பியிருப்பேன். சொன்னதால தர்றேன். திங்கக்கிழமை உங்க தம்பியும் வரணும், அதுவரைக்கும் பிரஸ் நகரக் கூடாது. ஆனா நீங்க எடுத்தத முதல்ல எடுத்த இடத்துல வெக்கணும். மெஷின் ஓடற நிலையில இருக்கணும். அதுக்கப்புறம்தான் இந்த உத்தரவு உயிரோட இருக்கும். திங்கக்கிழமை நீங்க கேட்டது தப்புன்னு தெரிஞ்சா, இதனால அவருக்கு வந்த நஷ்டம் உங்களோடது. சம்மதமா?”

“சம்மதம்யா.”

உத்தரவு தட்டச்சாகி, முத்திரை விழுந்து, கைக்கு வருவதற்குள் அவள் தாழ்வாரத்தில் நடந்து நடந்து தரையைத் தேய்த்துவிட்டாள். வக்கீல் படியில் நின்று மறுபடி சொன்னாள். “முதல்ல பின்னு, அப்புறம் பேப்பர். மாத்திச் செஞ்சிடாதீங்க அக்கா.”

ஆட்டோவில் அவளுக்கு வேறு யோசனை ஓடியது. பின்னைப் பூட்டிவிட்டால் கையில் மிச்சம் வெறும் காகிதம். தம்பி அதைக் கிழித்துப் போட்டால்? லாரிக்காரர்கள் கண்டுகொள்ளாமல் தூக்கிக்கொண்டு போனால்? அந்தப் பின் பையிலேயே இருந்தால் ஒருத்தனும் மெஷினைத் தொடமாட்டான். பை வழியில் தொலைந்துவிட்டது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சிக்னலில் ஆட்டோ நின்றபோதெல்லாம் இந்த எண்ணம் வந்து காலைச் சுற்றியது.

பட்டறை வாசலில் லாரி நின்றிருந்தது. பக்கத்தில் தூக்குவண்டி, அதன் கொக்கி ஷட்டருக்குள் தலையை நீட்டிக்கொண்டு. வாங்குகிறவனுடைய ஆள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு யாரையோ போனில் திட்டிக்கொண்டிருந்தான். உள்ளே மேஜைக்கு அடியில் இரண்டு கால்கள் தெரிந்தன. தம்பி ஊர்ந்து வெளியே வந்தான். தலையெல்லாம் தகரத் தூள்.

“காலையிலருந்து தேடறேன்க்கா. இங்கதான் வெச்சேன், சத்தியமா.”

“நான்தான்டா எடுத்தேன்” என்றாள்.

“எலி இழுத்துட்டுப் போற சாமானா அது?” என்று அவன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனான். அவள் சொன்னது அவன் காதில் விழவில்லை. அவள் துணியைப் பிரித்தாள், சக்கரத்தின் பின்னால் போனாள், பின்னைச் செருகித் திருகை முடுக்கினாள். மோட்டாரைப் போட்டு ஒரு துண்டுத் தகரத்தை வைத்து மிதியை மிதித்தாள். டம்மென்று ஒரு அடி. மூடி ஒன்று உருண்டு விழுந்தது.

“அப்பாடா” என்றான் வாங்குகிறவனுடைய ஆள். “ஏத்துங்கப்பா.”

தூக்குவண்டிக்காரர் சங்கிலியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். பெரியக்கா பிரஸ்ஸுக்கும் அவருக்கும் நடுவில் நின்று, காகிதத்தைத் தம்பி கையில் வைத்தாள்.

அவன் நின்றபடியே படித்தான். முதல் பக்கத்தைப் படிக்கும்போது அவன் கழுத்து நரம்பு புடைத்தது. கிழிக்கப் போகிறான் என்றே நினைத்தாள். இரண்டாம் பக்கத்தில் அவன் விரல் ஓரிடத்தில் நின்றுவிட்டது. எதிர்த்தரப்பு ஆஜராகாததால் மனுதாரரே அவர் சார்பில் கூறியது என்று எழுதி, அவள் சொன்னதையெல்லாம் வரிசையாகப் போட்டிருந்தார்கள். வலது காது. டாக்டர் சொன்னது. பஞ்சு. அவன் அதை இரண்டாவது தடவை படித்தான்.

“இன்னிக்கு முடியாது” என்று லாரிக்காரர்களிடம் சொன்னான். “கோர்ட் உத்தரவு. திங்கக்கிழமைக்கு அப்புறம்.”

வாங்குகிறவனுடைய ஆள் தாம்தூம் என்று குதித்தான், யாரையோ விடமாட்டேன் என்றான், பிறகு காகிதத்தில் முத்திரையைப் பார்த்ததும் சுருதி இறங்கிப் போனான். தூக்குவண்டி பின்னால் நகர்ந்தது.

தம்பி காகிதத்தை மடித்தான். “இதெல்லாம் நான் சொன்னேனா?”

“நீ சொல்லியிருப்பன்னு நான் சொன்னேன்.”

“என்ன?”

அவள் எப்போதும் நிற்கிற இடத்தில்தான் நின்றிருந்தாள். அவனுக்கு வலது பக்கம். அச்சு மேஜை அந்தப் பக்கம் இருப்பதால் அவள் இடம் என்றைக்கும் அதுதான். இத்தனை காலம் அவள் பேசியதெல்லாம் அந்தக் காதுக்குத்தான் போயிருக்கிறது. பிரஸ்ஸைச் சுற்றிக்கொண்டு அவனுடைய இடது பக்கம் வந்தாள்.

“ஏன்டா விக்கிற?” என்று கேட்டாள். “கோர்ட்ல நான் சொன்னத விடு. நீ சொல்லு.”

அவன் அவளைப் பார்த்தான். “இரு” என்று சொல்லி, இன்னும் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை நிறுத்தினான். அந்தப் பெரிய சக்கரம் சட்டென்று நிற்காது. ஓடி ஓய நேரம் பிடிக்கும். பெரியக்கா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.