தம்பி போட்ட முட்டை

எதிர் வீட்டு லிஃப்ட் மெக்கானிக் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. பதினாலு மாடி உயரத்தில் தொங்கிக்கொண்டு வேலை பார்க்கிற மனிதர், வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்பதே தெரியாது. அப்படிப்பட்டவர் சனிக்கிழமை காலையில் "ஐயோ, தம்பீ!" என்று அலறினால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடாமல் என்ன செய்வது? போகிற போக்கில், திருப்பிக் கொடுக்க வேண்டிய கிண்ணம் ஒன்றையும் கையில் எடுத்துக்கொண்டேன். காரணமில்லாமல் அடுத்தவர் வீட்டுக்குள் நுழைகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

தம்பி என்பது அவர்கள் வீட்டுக் கிளி. சாம்பல் உடம்பு, சிவப்பு வால், பன்னிரண்டு வயது. இந்த வகையில் ஆண் எது பெண் எது என்று பார்த்தால் தெரியாதாம். விற்றவன் ஆண் என்று அடித்துச் சொன்னான், இவர்களும் நம்பிவிட்டார்கள். மெக்கானிக்கின் மனைவி மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள்; எனக்கு அவள் கண்ணாடிக்காரி. தம்பி அவளைக் கடிக்காத வாரம் கிடையாது. "என் கூடப் பொறந்தவன்கூட என்ன இப்படிப் படுத்துனதில்லக்கா" என்று விரலில் பிளாஸ்டரோடு என்னிடம் புலம்புவாள். ஆனாலும் தீனி வைப்பது, கூண்டு கழுவுவது எல்லாம் அவள்தான். கொஞ்சுவதற்கு மட்டும் மெக்கானிக். வேலை விட்டு வந்ததும் வராததுமாக "சாப்பிட்டியாடா செல்லம்?" என்பார். அந்தக் கேள்வி அந்த வீட்டில் வேறு யாருக்கும் போனதாக என் காதில் விழுந்ததில்லை. என் காது ஒன்றும் அவ்வளவு மோசமில்லை.

அன்றைக்குத் தம்பி கூண்டின் தரையில் சிலிர்த்துப்போய், பந்து மாதிரி உட்கார்ந்திருந்தது. மூச்சு விடும்போதெல்லாம் வால் மேலும் கீழும் ஆடியது.

"மலச்சிக்கல்தான், வேறென்ன?" என்றேன்.

யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மெக்கானிக் கூண்டைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார், அவர் பின்னால் அவள், அவள் பின்னால் நான். வண்டியில் கூண்டைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டாமா?

பறவை டாக்டர் சின்னப் பெண். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். கிளியின் எலும்புகளுக்கு நடுவில் வெள்ளையாக, வழவழவென்று ஒரு உருண்டை.

"முட்டை. வெளிய வர முடியாம மாட்டிக்கிச்சு."

மெக்கானிக் படத்தைப் பார்த்தார், பிறகு டாக்டரைப் பார்த்தார். "இது ஆம்பளைங்க."

"ஆம்பள முட்டை போடாதுங்க."

"பேரே தம்பிங்க!"

"அத முட்டைகிட்ட சொல்லிப் பாருங்க" என்றாள் டாக்டர், ஊசியில் கால்சியம் ஏற்றியபடி.

கிளியை ஒரு வெதுவெதுப்பான பெட்டியில் வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் முட்டை வராவிட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்றார்கள். மெக்கானிக் பெட்டியின் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றார். கண்ணாடிக்காரி பெஞ்சில் உட்கார்ந்து, "பன்னெண்டு வருஷம்... பன்னெண்டு வருஷம்..." என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மூன்று மணிக்கு முட்டை வந்தது. பிழைத்துவிட்டது என்று நாங்கள் மூச்சு விடுவதற்குள் டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு விசாரணையைத் தொடங்கிவிட்டாள்.

"யாரு இதத் தடவிக் குடுக்கறது?"

"நான்தான்."

"எங்க?"

"முதுகுல. றெக்கைக்கு அடியில. அதுக்கு ரொம்பப் பிடிக்கும்."

"பிடிக்காம? வாயால ஊட்டுவீங்களா?"

மெக்கானிக் தரையைப் பார்த்தார்.

"ஊட்டுவாரே" என்றாள் மனைவி. "முந்திரிய உதட்டுல வெச்சுக் குடுப்பாரு. என் துணி இழுப்பறையில உக்காந்து அது பேப்பரக் கிழிச்சா, பாவம் வெளையாடுதுன்னு விட்டுருவாரு."

"அது வெளையாட்டு இல்லங்க, கூடு கட்டுது. முதுகத் தடவறது, வாயால ஊட்டறது எல்லாம் ஜோடிங்க பண்ற வேல. இவர அது புருஷன்னு முடிவு பண்ணிடுச்சு. உங்களக் கடிக்குமே?"

கண்ணாடிக்காரி தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா," என்றாள் என்னிடம், மெதுவாக. "தம்பி தம்பின்னு சொல்லி இத்தனை வருஷமா சக்களத்திக்கா சோறு போட்டேன்?"

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் டாக்டர் சிரிக்கவில்லை. இன்னொரு முட்டை உண்டானால் எலும்பில் இருக்கிற சத்தெல்லாம் போய்விடும், அப்புறம் காப்பாற்ற முடியாது என்றாள். முதுகில் கை படக் கூடாது. ஊட்டக் கூடாது. கிளி கொஞ்சிக்கொண்டு வந்தால் எழுந்து போய்விட வேண்டும். "நீங்க தள்ளி இருந்தாத்தான் அது உயிரோட இருக்கும்" என்று மெக்கானிக்கின் முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

மனிதர் நாலு நாள் தாக்குப்பிடித்தார். ஐந்தாம் நாள் காலை என் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். பார்க்கவில்லை, கண்ணில் பட்டது. பால்கனி மூலையில் கிளியை மடியில் போட்டுத் தடவிக்கொண்டிருந்தார்.

"என்னங்க!" என்று அவருக்குப் பின்னாலிருந்து மனைவியின் குரல் கேட்டது. "கொல்லப் பாக்கறீங்களா அத?"

"ஒரே ஒரு தடவதான்..."

"டாக்டர் என்ன சொன்னாங்க? உங்க ஆசைக்கு அது சாகணுமா?"

கிளி வாலைத் தூக்கிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கையை எடுத்தார். சுடுகிற பாத்திரத்தைத் தொட்டவர் எடுப்பது போல எடுத்தார்.

மறுநாள் சாயங்காலம் நான் அங்கே போயிருந்தேன், கிளி எப்படி இருக்கிறது என்று கேட்க. மெக்கானிக் சோபாவில் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் அழுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தம்பி தரையில் நடந்து வந்து, சோபாவில் ஏறி, அவர் முழங்காலில் நின்றது. தலையை மேலும் கீழும் ஆட்டி, தின்றதைத் தொண்டையிலிருந்து அலகுக்குக் கொண்டுவந்து, அவர் வாய்க்கு நேராக நீட்டியது.

அவர் எழுந்தார். கிளி தத்தித் தடுமாறிச் சோபாக் கையில் போய் நின்றது. திரும்பிப் பார்க்காமல் பால்கனிப் பக்கம் நடந்தார்.

தம்பி அலகில் உணவோடு அப்படியே நின்றது. விழுங்கவுமில்லை, துப்பவுமில்லை.

கூண்டுத் தட்டை உருவிக்கொண்டிருந்த கண்ணாடிக்காரி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபமில்லாத குரலில், கடையில் பக்கத்து மேஜைக்காரியிடம் பேசுவது போல அதனிடம் சொன்னாள்:

"அவரு அப்படித்தான். ஆசையா ஏதாவது எடுத்துக்கிட்டுக் கிட்ட போனா எழுந்து போயிருவாரு. மொதல்ல கஷ்டமாத்தான் இருக்கும். எனக்குப் பழகிடுச்சு, உனக்கும் பழகிடும்."

மெக்கானிக் பால்கனிக் கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டார். திரும்பினார். அவள் தட்டைக் கழுவ எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.