பஞ்சு வைத்த ஃப்ளூட்

எங்கள் ஸ்கூல் பேண்டில் பதினொரு ஃப்ளூட் இருந்தது. சத்தம் வந்தது ஒன்றில்தான். அது என்னுடையது. மற்ற பத்திலும் பஞ்சு வைத்தவளும் நான்தான்.

1999 ஜனவரி. முந்தின வருஷம் நன்றாக ஊதிய அக்காமார் எல்லாரும் பன்னிரண்டாவது முடித்துப் போய்விட்டார்கள். புதிதாக வந்த பத்துப் பேரும் எட்டாம் வகுப்பு. ஊதினால் பாதிப் பேருக்கு வெறும் காற்று வரும், மீதிப் பேருக்கு குக்கர் விசில் வரும். இந்த லட்சணத்தில் ஹெச்.எம். சிஸ்டர் அசெம்பிளியிலேயே சொல்லிவிட்டார்: இந்தத் தடவை மதுரைப் போட்டியில் கப் வாங்காவிட்டால் பேண்ட் ரூம் கம்ப்யூட்டர் ரூம் ஆகிவிடும். கம்ப்யூட்டர் என்றால் பெற்றோர் வாயைப் பிளந்த காலம் அது. பேண்டுக்காக ஒருத்தரும் பரிந்து பேசவில்லை.

நான் பதினொன்றாவது, பேண்ட் லீடர். ஆறாவதில் சேர்ந்தபோது எனக்கு ஃப்ளூட் பைத்தியம். சோற்றுத் தட்டின் விளிம்பில்கூட விரல் ஆடும். "அதையே கட்டிக்கிட்டுப் படு ஜெனி" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அந்த ஆசை எந்த வருஷம் போனது என்று எனக்கே தெரியாது. இப்போது ஃப்ளூட்டைக் கையில் எடுத்தாலே எரிச்சல் வந்தது. தோற்கக் கூடாது என்ற வீம்பு மட்டும் மிச்சம் இருந்தது.

பத்துப் பேரிலும் மோசம் பிருந்தா. ஊதி ஊதித் தலை சுற்றி உட்கார்ந்துவிடுவாள். எழுந்ததும், "அக்கா, இன்னொரு தடவ கேளுங்கக்கா" என்பாள்.

"கேட்ட வரைக்கும் போதும்டி."

போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது மத்தியான இடைவேளையில் ஒரு கட்டுப் பஞ்சு கொண்டுவந்தேன். போலியோ சொட்டு மருந்துக்கு நிற்பதுபோல பிள்ளைகள் வரிசையாக நின்று ஃப்ளூட்டை நீட்டினார்கள். வாய் வைக்கும் துளைக்குள் பஞ்சைத் திணித்து, பென்சிலால் உள்ளே தள்ளினேன்.

"விரலு மட்டும் சரியா ஆடணும். நானே ஊதிக்கிருவேன். எவளாச்சும் பஞ்ச எடுத்தீங்க, அம்புட்டுத்தான்."

"ஊதவே கூடாதாக்கா?" என்று பிருந்தா கேட்டாள்.

"ஊதேன். யாருக்குக் கேக்கப் போகுது?"

எல்லாரும் சிரித்தார்கள். பிருந்தா சிரித்தாளா என்று நான் பார்க்கவில்லை.

என் ஃப்ளூட்டின் நுனியில் அடையாளத்துக்குச் சிவப்பு நூல் சுற்றியிருந்தேன். அந்த நூல்தான் எங்கள் மானம்.

போட்டியன்று மைதானத்தில் பன்னிரண்டு பள்ளிகள். சீட்டு எடுக்க என்னை அனுப்பினார்கள். எங்களுக்கு ஐந்தாம் எண். திரும்பி வந்தபோது பி.டி. டீச்சர் பிலோமினாள் பதினொரு ஃப்ளூட்டையும் பளபளவென்று துடைத்துப் பிள்ளைகளிடம் கொடுத்து முடித்திருந்தார். அவருக்கு சங்கீதம் தெரியாது, பஞ்சு விஷயமும் தெரியாது. வெள்ளை ஷூ, நேர் வரிசை, இந்த இரண்டும் போதும். மிச்சம் இருந்த ஒன்றை என் கையில் வைத்தார்.

"டீச்சர், நூலு எங்க?"

"எல்லாம் ஒண்ணுபோல இருக்க வேணாமா? நூலுக்கு எவன் மார்க்க விட்டுக்குடுக்கிறது?"

கையில் இருப்பது என்னுடையதுதானா என்று தெரியவில்லை. துளைக்குள் பார்த்தேன், இருட்டு. ஊதிப் பார்க்கவும் வழியில்லை. நாலாம் எண் பள்ளி வாசித்துக்கொண்டிருந்தது, காத்திருக்கும் வரிசையில் சத்தம் வந்தால் மார்க் போய்விடும். லேசாக மூச்சு விட்டேன். அது என் மோவாயிலேயே வந்து பட்டது.

"ஏய், யாருதுல பஞ்சு இல்ல?" என்று பின்னால் கிசுகிசுத்தேன். பத்து முகமும் விறைத்து நின்றன. பிலோமினாள் டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஜெனி!" என்றார். அதற்குள் எங்கள் பள்ளியின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பெரிய டிரம் நாலு அடி அடித்தது. நான் ஃப்ளூட்டை உயர்த்தினேன், லீடர் உயர்த்தினால் பாட்டு ஆரம்பம் என்று அர்த்தம். அடிவயிற்றிலிருந்து ஊதினேன்.

ஒன்றும் வரவில்லை.

டிரம்மும் ஜால்ராவும் மட்டும் கேட்டன. எட்டடி நடந்தோம். நடுவர்கள் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார்கள். அப்போது எனக்குப் பின்னால் கீச்சென்று ஒரு சத்தம் கிளம்பி, பயந்து நின்றது. திரும்பிப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. பிருந்தா.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 'மூடிக்கிட்டு வா சனியனே' என்றுதான் அந்த நொடியில் நினைத்தேன். இவள் ஊதி மானம் போவதைவிட ஊமையாகவே நடந்து முடித்துவிடலாம். ஆனால் டிரம் ஒரு சுற்று முடித்து மறுபடி பாட்டின் தலைக்கு வந்துகொண்டிருந்தது. நாலு அடிதான் இருந்தது. மூன்று. இரண்டு. பிருந்தா என் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் வருவாள். நான் உயர்த்தாவிட்டால் ஊத மாட்டாள்.

உயர்த்தினேன். "ஊதுடி!" என்று கத்தியும்விட்டேன். மார்க் போனால் போகட்டும்.

ஊதினாள். நடுங்கியது, மேல் ஸ்வரத்தில் கிழிந்தது, ஆனால் ஒரு விரல்கூடத் தப்பவில்லை. இடப்பக்கம் திரும்பும்போது கடைக்கண்ணால் பார்த்தேன். கண்ணை இறுக்கி மூடியிருந்தாள், கன்னமெல்லாம் கண்ணீர். நான் செத்த ஃப்ளூட்டில் விரலை ஆட்டிக்கொண்டு நடந்தேன். ஊத ஊத மூச்சு என் முகத்துக்கே திரும்பி வந்தது. மூன்று வாரமாகப் பத்துப் பிள்ளைகளை இப்படித்தான் நடக்கவிட்டிருக்கிறேன் என்று நினைத்தபோது கூச்சமாக இருந்தது. அதைவிடப் பொறாமையாக இருந்தது. ஆறாவதில் நான் அப்படித்தான் ஊதினேன்.

ஒன்பதாம் இடம்.

மறுநாள் எங்கள் எல்லாரையும் தன் அறையில் நிறுத்திவைத்து, ஹெச்.எம். சிஸ்டர் நடுவரின் குறிப்பை வாசித்தார். "பதினொரு ஃப்ளூட் போச்சு, ஒரு ஃப்ளூட் சத்தந்தான் கேட்டுச்சுன்னு எழுதியிருக்காங்க. யாரு ஊதுனது? நீதானே ஜெனி?"

தலையை ஆட்டியிருந்தால் முடிந்திருக்கும். பிருந்தா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொல்ல மாட்டாள்.

"பிருந்தா, சிஸ்டர். மத்ததுல எல்லாம் பஞ்சு இருந்துச்சு. நாந்தான் வச்சேன்."

பிலோமினாள் டீச்சர் "அடிப்பாவி" என்று நெஞ்சில் கைவைத்தார். சிஸ்டர் திட்டவில்லை, அது இன்னும் வலித்தது. "வெள்ளிக்கிழம சாவியக் குடுத்துரு. சாமானெல்லாம் மூட்டகட்டி வையி" என்றார்.

அன்று புதன்கிழமை. பேண்ட் ரூமில் தனியாக உட்கார்ந்து, ஹேர்பின்னை வளைத்து ஒவ்வொரு ஃப்ளூட்டிலிருந்தும் பஞ்சை எடுத்தேன். முதல் உருண்டை எச்சில் காய்ந்து, பழுப்பேறி, கல்லாகக் கிடந்தது. பிருந்தாவினுடையதாக இருக்கும் என்று ஓரமாக வைத்தேன். விரலை மட்டும் ஆட்டினவள் ஃப்ளூட்டில் பஞ்சு வைத்தபடி வெள்ளையாகத்தானே இருக்கும்.

இரண்டாவதும் பழுப்பு. மூன்றாவதும். அதற்குமேல் வேகமாக எடுத்தேன். ஒரே ஒரு வெள்ளை உருண்டையாவது வந்துவிடாதா என்று இருந்தது. பத்தும் பழுப்பு.

ஒருத்தி விடாமல் ஊதியிருக்கிறார்கள். திறந்த ஃப்ளூட் கையில் வந்ததால் பிருந்தாவுடையது கேட்டது, அவ்வளவுதான். மற்ற ஒன்பது பேர் எப்படி ஊதினார்கள் என்று யாருக்குமே தெரியாமல் போயிற்று.

எட்டாம் வகுப்பு வாசலில் போய் நின்றேன். கணக்கு டீச்சரிடம் என்ன பொய் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. பத்துப் பேரும் வந்தார்கள். ஆளுக்கொரு ஃப்ளூட்டைக் கொடுத்தேன்.

பிருந்தா துளைக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தாள். "பஞ்சு இல்லையேக்கா?"

"இல்ல. இன்னும் ரெண்டு நாளு இருக்கு. ஊதுங்கடி."

ஊதினார்கள். காது கிழிந்தது. பத்தும் பத்துத் திசையில் போயிற்று. பக்கத்து வகுப்பில் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள். நான் என் ஃப்ளூட்டை எடுக்கவில்லை. அவர்கள் நிறுத்தும்வரை உட்கார்ந்து கேட்டேன்.