மாடிப்படிக்குக் கீழே

சித்தப்பா போன பிறகு அவருடைய சாமான்களை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். யாரும் சீண்டாத கேமரா குட்டியிடம் வந்து சேர்ந்தது. முப்பதைத் தாண்டியும் வீட்டில் அவளுக்குக் குட்டி என்றுதான் பெயர். அப்பா அம்மா இல்லாமல் அண்ணன் வீட்டில் வளர்ந்தவள்; கண்ணாடிக் கடை ஒன்றில் வேலை பார்த்தாள். தனக்கென்று அவளுக்கு இருந்தது கூடத்து மூலையில் திரை கட்டி மறைத்த ஒரு கட்டில்தான். அதற்குக் கதவு கிடையாது.

சித்தப்பா இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்தில் நசுங்கிய வண்டிகளைப் படமெடுத்தவர். கேமராவுக்குள் அவர் பாதியில் விட்ட ஃபிலிம் அப்படியே இருந்தது. குட்டிக்குக் கேமரா புதுசு. பேட்டரி வைக்கும் இடத்தில் பூத்திருந்த பச்சையைச் சுரண்டித் துடைத்தாள். மிச்சமிருந்த ஃபிலிமில் ஜன்னலை எடுத்தாள், அண்ணியின் செருப்பை எடுத்தாள். அதற்கப்புறம் ஃபிலிமைத் தள்ளும் நெம்புகோல் நகரமாட்டேன் என்று அடம்பிடித்தது. கொஞ்சம் அழுத்தித்தான் இழுத்தாள். உள்ளே ஏதோ படக்கென்றது. அடிப்பக்கத்துப் பொத்தானை அமுக்கி ஃபிலிமைத் திருப்பிச் சுற்றப் பார்த்தால், கைப்பிடி பிடிமானமே இல்லாமல் லொடலொடவென்று சுழன்றது.

ஃபிலிம் முடிந்தது தெரியாமல் இழுத்து, அதன் நுனியை உருளையிலிருந்து பிய்த்துவிட்டாள். இணையத்தில் தேடியபோது எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: கும்மிருட்டில் கேமராவின் முதுகைத் திறந்து, கையால் தடவி ஃபிலிமை எடுத்து, வெளிச்சம் புகாத டப்பாவில் போட வேண்டும். துளி வெளிச்சம் பட்டாலும் படமெல்லாம் போச்சு.

அந்த வீட்டில் இருட்டுக்கு எங்கே போவது? மாடிப்படிக்குக் கீழே ஒரு சாமான் அறை இருந்தது, நின்றால் தலை இடிக்கும். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்து அண்ணனும் அண்ணியும் படுக்கப் போனதும் அதற்குள் நுழைந்தாள். உள்ளே தாழ்ப்பாள் இல்லை. கதவை இழுத்துச் சாத்தி, கீழிடுக்கில் துண்டைத் திணித்து, பழைய மின்விசிறிக்கும் பெட்டிகளுக்கும் நடுவே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். கை கண்ணுக்குத் தெரியாத வரை காத்திருந்துவிட்டுக் கேமராவின் முதுகைத் திறந்தாள்.

அந்த நேரம் பார்த்து வெளியே அண்ணியின் காலடிச் சத்தம். சரியாகச் சாத்தாமல் கிடக்கிறதென்று நினைத்தாளோ என்னவோ, அண்ணி போகிற போக்கில் கதவை அழுத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். கூப்பிட வாயெடுத்தாள் குட்டி. கூப்பிட்டால் கதவு திறக்கும், வெளிச்சம் விழும். வாயை மூடிக்கொண்டாள். வேலை முடியட்டும், அப்புறம் தட்டிக்கொள்ளலாம்.

ஃபிலிம் விரல் நுனியில் வழவழவென்று நழுவியது. ஒரு பக்கம் சுருட்டினால் மறுபக்கம் விரிந்தது. அப்போது கதவுக்கு அந்தப் பக்கம், சாப்பாட்டு மேசையருகே நாற்காலி இழுபட்டது. குட்டி வெளியே போயிருக்கிறாள் என்று நினைத்து அண்ணன் பேசினார். இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிற அண்ணியின் அம்மாவைப் பற்றிய பேச்சு. ஊரில் கூட இருந்து பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். குட்டியை அனுப்பிவிடலாம், அவளுக்கென்ன பிள்ளையா குட்டியா என்றார். கடை முதலாளியிடம் பேசியாகிவிட்டதாம், மாதக் கடைசியோடு அவள் நின்றுவிடுவாள் என்று.

அண்ணி, "அவள ஒரு வார்த்தை கேட்டுடலாமே" என்றாள்.

"கேட்டா யோசிப்பா. சொன்னா செஞ்சிடுவா."

குரலில் கோபமில்லை, களைப்புதான். அதுதான் குட்டிக்கு அதிகமாக வலித்தது. உள்ளே காற்றே இல்லை. முதுகு நனைந்து சட்டை ஒட்டிக்கொண்டது. எழுந்து கதவை உதைக்கலாம் போலிருந்தது. கையில் ஃபிலிம். விட்டால் போச்சு. அவர்கள் அவளை எந்தப் பேருந்தில் ஏற்றுவது என்பது வரை பேசி முடித்தார்கள். அவ்வளவையும் கேட்டுக்கொண்டே சுருட்டினாள்.

கடைசியில் சுருள் டப்பாவுக்குள் இறங்கியது. மூடியை அழுத்தினாள். இனிக் கதவைத் தட்ட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் தட்டினால் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்று அவர்களுக்குத் தெரிந்துபோகும். அவர்கள் எழுந்து போகட்டுமே என்று தோன்றியது. ராத்திரி அண்ணன் சொல்லுவார், அவளும் தலையாட்டுவாள், இதுவரை எல்லாம் அப்படித்தான் நடந்திருக்கிறது. இருட்டில் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு தட்டினாள்.

அண்ணன்தான் திறந்தார்.

"எப்பலேருந்து உள்ள இருக்கே?"

"நீங்க உக்காரறதுக்கு முன்னாடிலேருந்து." கண் கூசியது, அவர் முகம் சரியாகத் தெரியவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று. "நான் போகலண்ணா. கடைய விட்டு நிக்கவும் மாட்டேன்."

வளர்த்ததற்கு இதுதானா என்று கேட்டார் அண்ணன். ஞாயிறுதோறும் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னாள். அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் முதலாளியிடம் போய், நான் நிற்கவில்லை என்றாள். நல்லவேளை, அவர் வேறு ஆள் பார்த்திருக்கவில்லை. ஃபிலிமைக் கழுவக் கொடுத்தாள். நசுங்கிய கதவுகளும் உடைந்த விளக்குகளுமாக வந்தன. அவள் எடுத்த ஜன்னல் வெள்ளை வெளேரென்று இருந்தது. செருப்பு மட்டும் அழகாக விழுந்திருந்தது. அண்ணி அதை வாங்கிப் பார்த்து, "இந்தச் செருப்ப எப்பவோ தூக்கிப் போட்டிருக்கணும்" என்று சிரித்தாள்.

அண்ணன் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு ஒருநாள் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்தபடியே, "அத்தைக்கு ஆள் கிடைக்கிற வரைக்குமாவது..." என்று ஆரம்பித்தார்.

ஒரு தடவை சொன்னால் போதும் என்று அவள் நினைத்திருந்தாள். சோற்றை விழுங்கிவிட்டு மறுபடியும் சொன்னாள்.

"இல்லண்ணா."