ஐம்பது கிலோ

பாண்டிச்செல்வியை ஷேர் ஆட்டோவிலிருந்து கைத்தாங்கலாக இறக்கி உள்ளே கொண்டுவந்தவள் அவளோடு ஒரே அறையில் தங்கியிருந்த மாரிசெல்வி. இருவரும் சங்கரன்கோவில் பக்கம். வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் வயர் பின்னுகிற லைனில் வேலை. ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில், பதினான்கு படுக்கைகள் உள்ள அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் அன்றைக்குப் பகல் ட்யூட்டி லீலாவுக்கு. பதினோரு வருஷமாக அங்கே நர்ஸ்.

"இன்னாம்மா பண்ணுது?"

"முதுகு வலிக்கிக்கா. குளிரு தாங்கல. ஒண்ணுக்குப் போனா தீயா எரியிது."

"எத்தினி நாளா?"

மாரிசெல்விதான் பதில் சொன்னாள். "ரெண்டு மாசமா வந்து வந்து போவுது. மெடிக்கல்ல மாத்திரை வாங்கித் திம்பா. ரெண்டு நாள்ல கேட்டுரும், அப்பறம் விட்டுருவா."

"தண்ணி குடிக்கிறதே இல்லியா நீங்கெல்லாம்?"

"குடிச்சா பாத்ரூம் போணும்லாக்கா. மாத்தாள் வந்தாத்தான் லைன்ல இருந்து விடுவாக."

லீலா கேஸ் ஷீட்டை நிரப்பினாள். பெயர், வயது இருபத்துமூன்று, காய்ச்சல் நூற்று மூன்று. எடை என்ற கட்டத்துக்கு வந்தாள். வார்டு எடைமிஷினில் பேட்டரி தீர்ந்து இரண்டு நாளாகியிருந்தது. இன்னொன்று கீழே பிள்ளைகள் பார்க்கிற அறையில் இருந்தது. அந்தப் பெண்ணோ நிற்க முடியாமல் நடுங்கிக்கொண்டிருந்தாள். கம்பெனிக் கோட்டு, அதற்குள் ஸ்வெட்டர், அதற்கும் மேலே ஆஸ்பத்திரிப் போர்வை.

"எவ்ளோ வெயிட்டும்மா நீ?"

"தெரியலக்கா."

லீலா ஒருமுறை அவளைப் பார்த்துவிட்டு ஐம்பது என்று எழுதினாள். காய்ச்சல் இறங்கியதும் பார்த்து மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள்.

மூன்றாம் நாள் சிறுநீர்ப் பரிசோதனையின் ரிசல்ட் வந்தது. அரைகுறையாகத் தின்ற மாத்திரைகள் எதற்கும் அந்தக் கிருமி இப்போது மசியவில்லை. டாக்டர் ஸ்ரீதர் பட்டியலை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிக்கொண்டே வந்தார்.

"ரெண்டு மருந்துதான் கேட்கும். ஒண்ணு நம்மகிட்ட ஸ்டாக் இல்ல. அது வர வரைக்கும் இந்தப் பொண்ணு தாங்காது. அமிக்காசின் ஊசி போட்டுடலாம். கிலோவுக்குப் பதினஞ்சு மில்லிகிராம். ஐம்பது கிலோவா? அப்போ எழுநூத்தம்பது, ஒரு நாளைக்கு ஒரு வேளை."

"சரி சார்."

"கிட்னி ஏற்கெனவே கொஞ்சம் தள்ளாடுது. தண்ணி ஏறினா சரியாயிடும்னு நினைக்கிறேன். ஆனா நாளன்னைக்கு மறுபடி ரத்தம் எடுத்து கிரியாட்டினின் பார்த்துடுங்க. யூரின் எவ்வளவு போகுதுன்னு எழுதுங்க. காது எப்படிக் கேட்குதுன்னு தினம் ஒரு வார்த்தை கேளுங்க. கிட்னி, காது, இந்த ரெண்டு இடத்துலதான் இந்த மருந்து கை வைக்கும்."

லீலாவுக்குத் தெரியாததல்ல. அடுத்த படுக்கையில் எழுபது வயது ரகுபதி இருந்தார். அவருக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ரத்தம் எடுத்து, ரிசல்ட் பார்த்த பிறகுதான் அவள் ஊசியைத் தொடுவாள். கர்ப்பிணிகளுக்கு எது ஆகாது என்பது அவளுக்கு மனப்பாடம். குழந்தைகளுக்கென்றால் துணியைக் கழற்றி எடை பார்க்காமல் ஒரு சொட்டுக்கூட அளக்க மாட்டாள். பாண்டிச்செல்வி கிழவியுமில்லை, பிள்ளைத்தாய்ச்சியுமில்லை, குழந்தையுமில்லை. வயசுப் பெண், எதையும் தாங்கும் உடம்பு என்று மனசு தானாகவே அவளை ஓரமாக வைத்துவிட்டது.

மருந்து கேட்டது. இரண்டே நாளில் காய்ச்சல் விட்டுப்போய், பாண்டிச்செல்வி எழுந்து உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டாள். "எப்பக்கா விடுவீக? லீவு முடிஞ்சா வேற ஆள எடுத்துருவாக" என்று லீலாவைக் கண்டபோதெல்லாம் கேட்டாள்.

ரத்தம் எடுக்க வேண்டிய அன்று ஒரு ஹாஸ்டலிலிருந்து பதினெட்டுப் பெண்களை வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் எல்லோருக்கும் வாந்தி, பேதி. தரையில் பாய் போட்டு ட்ரிப் ஏற்றினார்கள். லீலா சாயங்காலம்வரை உட்காரவேயில்லை. மறுநாளும் அதே கதை. நல்லபடியாக எழுந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு ரத்தம் எடுக்கவேண்டும் என்பது அவள் நினைப்பிலேயே இல்லை. ஊசியை மட்டும் நேரம் தவறாமல் போட்டாள்.

அஞ்சாவது ஊசியின்போது பாண்டிச்செல்வி காதைத் தேய்த்துக்கொண்டு, "உள்ள வண்டு கணக்கா கொய்யிங்குதுக்கா" என்றாள்.

லீலாவின் கை ஒரு நொடி நின்றது. "கேக்குது இல்ல?"

"கேக்கு, கேக்கு. தகடு அடிக்கிற பிரெஸ் ஷாப் பக்கத்துலதான எங்க லைனு. அதாயிருக்கும்."

அதாகத்தான் இருக்கும் என்று லீலாவும் எடுத்துக்கொண்டாள். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் காது இரைகிறது என்று சொல்லுகிறவர்கள்தான்.

ஊசி தொடங்கி ஏழாவது நாள் பாண்டிச்செல்விக்குக் கால் வீங்கி, முகம் உப்பிப் போயிற்று. காலையிலிருந்து சிறுநீரே போகவில்லை. ரத்தம் எடுத்து அனுப்பி, வந்த கிரியாட்டினின் எண்ணை டாக்டர் இரண்டு தரம் படித்தார். மத்தியானமே செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்சில் ஏற்றினார்கள். அங்கே அவளை எடைமிஷினில் நிறுத்திப் பார்த்ததை மாரிசெல்வி போனில் சொன்னாள். உடம்பெல்லாம் நீர் கோத்திருந்தும் முப்பத்தெட்டு கிலோ.

டாக்டர் ஸ்ரீதர் கேஸ் ஷீட்டைப் புரட்டினார். "லீலா, வெயிட் மிஷின்ல பார்த்தீங்களா?"

அவள் இல்லை என்று தலையசைத்தாள்.

அவர் ஐம்பது என்ற எண்ணின்மேல் விரலை வைத்தார். "நானும் பொண்ண ஒரு தடவ நிமிர்ந்து பார்த்திருக்கணும்" என்று சொல்லி ஷீட்டை மூடினார். திட்டியிருந்தால் லீலாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

நான்கு முறை டயாலிசிஸ் செய்த பிறகு சிறுநீரகம் மெல்லத் திரும்பிவந்தது. காது திரும்பவில்லை. இனி வராது என்று அங்கே சொல்லிவிட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், லீலா அந்த இரண்டு பெண்களுடைய வாடகை அறைக்குப் போனாள். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். மாரிசெல்வி ஓவர்டைம் பார்க்கப் போயிருந்தாள். பாண்டிச்செல்வி சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து கதவைத் திறந்தாள். காதோடு நடையின் நிதானமும் போயிருந்தது. சரக்கு தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் ஹாரன் கேட்காதவளை லைனில் நிறுத்த முடியாது என்று கம்பெனியில் கணக்கு முடித்துவிட்டார்கள்.

"அக்கா! வாங்கக்கா!" குரல் தெருவுக்கே கேட்கும்படி இருந்தது. தன் சத்தம் தனக்குத் தெரியாத குரல். "நீங்க இல்லாட்டி அன்னைக்கே செத்துருப்பேன். எங்கம்மாகிட்டயும் சொன்னேன், அந்த அக்காதான் பக்கத்துலயே நின்னு காப்பாத்துனாகன்னு."

லீலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாண்டி, உன் வெயிட்ட நான் பாக்கவே இல்லம்மா. கண்ணால பாத்து எழுதிட்டேன். ரத்தம் எடுக்கணும்னு டாக்டர் சொன்னாரு, நான் மறந்துட்டேன். காது இரையுதுன்னு நீ சொன்னியே, அத நான் அவருகிட்ட சொல்லவே இல்ல. நான் பண்ணதுதான் இது."

பாண்டிச்செல்வி அவள் உதட்டையே உற்றுப் பார்த்தாள். சிரித்தாள். தலையாட்டினாள். புரியாத பேச்சுக்கெல்லாம் அப்படித் தலையாட்ட அந்த ஒரு மாதத்தில் பழகியிருந்தாள். பிறகு ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்து நீட்டினாள். "இதுல எழுதுங்கக்கா. நீங்க அழுறத பாத்தா எனக்கும் அழுகையா வருது."

லீலா நோட்டை மடியில் வைத்தாள். 'பாண்டி' என்று எழுதினாள். அடுத்த சொல்லுக்குக் கை வரவில்லை. எதிரே அந்த முகம் ஆவலோடு காத்திருந்தது. 'சாப்பிட்டியா?' என்று எழுதிக் காட்டினாள்.

"சாப்ட்டேன்க்கா! புளிச்சோறு!"

அடுத்த வாரம் அண்ணன் வந்து அவளை ஊருக்கு அழைத்துக்கொண்டு போனதாக மாரிசெல்வி சொன்னாள். போன் நம்பர் லீலாவிடம் இருக்கிறது. கூப்பிட்டால் பேச முடியாது. ட்யூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது சில நாட்கள், அன்றைக்கு நோட்டில் எழுதாததைப் போனில் மெசேஜாகத் தட்டிப் பார்ப்பாள். பஸ் வந்ததும் அழித்துவிட்டு ஏறிக்கொள்வாள்.