பூதத்தார் கேட்ட கார்

தேவேந்திரனின் காரைப் பூதத்தார் கோயிலுக்கு நேர்ந்து விடுவதென்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகிவிட்டது. ஆட்சேபணை சொன்னது ஒரே ஒரு ஆள்தான். அது தேவேந்திரன்.

"ஏலே, ஏன் பதறுத? நாங்களா கேக்கோம்? சாமி கேக்காரு," என்றார் கோயில் தலைவர் பரமசிவன்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. முக்கூடலிலிருந்து ஊருக்குள் வரும் சாலை பூதத்தார் கோயில் முன்னால் வளைகிறது. அந்த வளைவில் தேவேந்திரன் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தான். கார் வேகத்தை விடவில்லை. உறுமிக்கொண்டு நேராகக் கோயிலுக்குள் புகுந்தது. அவன் பிரேக்கின் மேல் ஏறி உட்காராத குறையாக மிதித்ததில், பீடத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றது. அன்றைக்கு எல்லோரும் அவனைத் திட்டினார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை அதே வளைவு, அதே உறுமல், அதே பீடம். இந்தத் தடவை பெண்கள் குலவையிட்டார்கள்.

பாபநாசத்துக்குக் குளிக்கப் போகிறவர்களும் திருநெல்வேலி ஜங்ஷனுக்கு ரயிலேறப் போகிறவர்களும் ஏறும் கார் அது. டர்போ வைத்த வண்டி. அது ஓடினால்தான் தேவேந்திரன் வீட்டில் அடுப்பெரியும். கோயிலுக்குப் போய்விட்டால் வேப்பமரத்தடியில் மாலையோடு நிற்கும், காக்கை எச்சம் வாங்கிக்கொண்டு.

"கிடான்னா கொடைத் திருவிழாவுல வெட்டணும்லா? காரை எப்படி அண்ணாச்சி வெட்டுவீக?" என்று அவன் கேட்டும் பார்த்தான்.

"அதுக்குப் பதிலா பூசணிக்காய் வெட்டிக்கிடலாம். நீ கவலைப்படாத."

தப்பிக்க ஒரு வழி மட்டும் பாக்கி இருந்தது. நேர்ந்த கிடாவின் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். கிடா உடம்பைச் சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டார். சிலுப்பாவிட்டால் கிடா பிழைத்தது. வெள்ளிக்கிழமை காலையில் காருக்கும் அப்படியே ஊற்றிப் பார்ப்பதென்று ஏற்பாடு.

"இன்ஜின் ஓடிக்கிட்டு இருக்கணும்," என்று பரமசிவன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இன்ஜின் அணைஞ்சிருந்தா அது செத்த கிடா. செத்த கிடாவையா சாமிக்குக் குடுக்கது?"

இன்ஜினைப் போட்டுவிட்டுச் சும்மா நிறுத்தினாலே கார் குளிர்க்காய்ச்சல் கண்டவன் மாதிரி உதறிக்கொண்டிருந்தது. தண்ணீருக்கு வேலையே இல்லை.

காரை மெக்கானிக்கிடம் கொண்டு போகவும் விடவில்லை. நேர்ந்த கிடா ஊர் எல்லை தாண்டக் கூடாதாம். அதனால் வெள்ளிக்கிழமை விடிந்ததும் முக்கூடலிலிருந்து மெக்கானிக் தளவாயே கோயிலுக்கு வந்து இறங்கினார். கார் அதற்குள் மாலையும் கழுத்துமாக நின்றது. ஊரே சுற்றி நின்றது.

தளவாய் பானெட்டைத் திறக்கும் முன்பே தீர்ப்புச் சொன்னார். "டர்போ. காத்தைப் பிடிச்சு அமுக்கி உள்ள தள்ளுதுல்லா? காத்து சும்மா இருக்குமா?"

"ஊர்ல இருக்க டர்போ வண்டி எல்லாம் கோயிலுக்குள்ளயா வே பாயுது?" என்றான் தேவேந்திரன்.

தளவாய் கால்மிதியைத் தூக்கிப் பார்த்தார். ஆக்சிலேட்டரை அமுக்கி அமுக்கி விட்டார். அது ஒழுங்காகத்தான் மேலே வந்தது. பிறகு ஸ்கேனரைச் செருகிப் படித்தார்.

"த்ராட்டில். இன்ஜினோட தொண்டைன்னு வச்சுக்கிடும். உள்ள ஒரு வட்டத் தகடு இருக்கு. மிதிச்சா திறக்கணும், விட்டா மூடணும். இது மூட மாட்டேங்கு."

"எப்படி மூடுவாரு? பசியா இருப்பாரு," என்றார் பரமசிவன். கூட்டம் ஆமோதித்தது.

டர்போவிலிருந்து வரும் குழாயைக் கழற்றி, தளவாய் தகட்டை விரலால் தள்ளினார். திறந்தது. திரும்பி வர மட்டும் மனசில்லாமல், தூக்கத்தில் புரண்டு படுக்கிறவனைப் போலப் பைய வந்து பாதியில் நின்றது.

"பாத்தீரா? டர்போ எண்ணெயைக் கக்கியிருக்கு. நான் அப்பமே சொன்னேன்லா?" என்று துணியால் துடைத்து நீட்டினார்.

துணி மஞ்சளாக இருந்தது.

தேவேந்திரன் அதை வாங்கி முகர்ந்தான். இன்ஜின் எண்ணெய் கறுப்பாகத்தான் இருக்கும். அதற்கு இந்த வாசனையும் வராது. மறுபடி முகர்ந்துவிட்டுப் பூதத்தாரைப் பார்த்தான். மஞ்சளையும் எண்ணெயையும் குழைத்து அவர் உடம்பெல்லாம் அப்பியிருந்த மஞ்சணையிலிருந்து அதே வாசனை வந்துகொண்டிருந்தது. பிறகு, தண்ணீர்க் குடத்தோடு நின்ற பெண்டாட்டியைப் பார்த்தான்.

"ஏட்டி முத்துராணி."

"ஆயுத பூசைக்கு வண்டியைத் துடைக்கச் சொன்னது நீங்கதான?"

"துடைக்கத்தானட்டி சொன்னேன்!"

"இந்த மெக்கானிக் அண்ணாச்சி அன்னைக்கு இந்தக் குழாயைக் கழத்திப் போட்டுட்டுப் பொரிகடலை வாங்கப் போயிட்டாரு. உள்ள எட்டிப் பாத்தா வட்டமா, பளபளன்னு, சாமி மொகம் கணக்கா இருந்துச்சு. எல்லாத்துக்கும் பொட்டு வச்சிருக்கு, அது மட்டும் வெறும் நெத்தியா இருந்துச்சு. கோயில்ல குடுத்த மஞ்சணை கையில இருந்துச்சா, வச்சேன்."

"கொஞ்சமா?"

"சாமி காரியத்துல போயி கஞ்சத்தனம் பாக்கதா? நல்லா அப்பினேன்."

தளவாய் வானத்தைப் பார்த்தார். தேவேந்திரனுக்கு உயிர் வந்தது. "பாத்தீகளா அண்ணாச்சி? சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல. மஞ்சணை காஞ்சு ஒட்டிக்கிட்டு, அவ்வளவுதான்."

பரமசிவனின் கண்கள் பளபளத்தன. "கேட்டீங்களாப்பா! பூதத்தார் மஞ்சணை வண்டிக்குள்ளயே இருந்திருக்கு. அதான் தன் இடத்தைத் தேடி வந்திருக்காரு!"

முன்னைவிடப் பலமாகக் குலவை எழுந்தது.

தளவாய் அவசர அவசரமாக மருந்தடித்துத் தகட்டைத் துடைத்தார். குழாயை மாட்டினார். இன்ஜினைப் போட்டால் கார் முன்னைவிட மோசமாக உதறியது.

"என்ன வே இது!" என்று தேவேந்திரன் அலறினான்.

"மஞ்சணையோட இருந்தே பழகிட்டு. மூடுத இடம் எதுன்னு புதுசா படிக்கணும். யாரும் எதையும் தொடக் கூடாது. கொஞ்ச நேரம் விடும்."

"கார் படிக்குதாம்லே," என்று கூட்டத்தில் ஒருவர் சிரித்தார்.

"அது பட்டம் வாங்குத வரைக்கும் நல்ல நேரம் நிக்குமா? குடத்தைக் கொண்டா தாயி," என்றார் பரமசிவன்.

"குடத்துல வேப்பிலை இல்லையே அண்ணாச்சி," என்றான் தேவேந்திரன். "வேப்பிலை இல்லாம ஊத்தினா சாமி குத்தம்லா?"

முத்துராணி ஒரு கணம் அவன் முகத்தைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். தலைக்கு மேலேயே வேப்பமரம் இருக்க, குடத்தை இறக்கி வைத்துவிட்டு ஆற்றங்கரை மரத்துக்கு வேப்பிலை பறிக்கப் போனாள். ஆடி அசைந்து போனாள். ஒவ்வொரு கொத்தாகப் பறித்து, பிடிக்காததைக் கீழே போட்டு, ஆடி அசைந்தே திரும்பி வந்தாள்.

அதற்குள் கார் பாடத்தை முடித்துவிட்டிருந்தது. இன்ஜின் ஓடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பரமசிவன் காதை வைத்துக் கேட்டுத் திருப்திப்பட்டார். பிறகு குடத்தைத் தூக்கினார்.

யாராவது தட்டி ஆட்டிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், தேவேந்திரன் பானெட்டின் மேல் கவிழ்ந்து காரைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். மஞ்சள் கரைத்த ஐப்பசி மாதத்து ஆற்றுத் தண்ணீர் சளசளவென்று விழுந்தது. காருக்குக் கொஞ்சம், அவன் தலையில் மீதி.

கார் கல்லாக நின்றது. ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. அசைவே இல்லை.

"பொழச்சிட்டு!" என்று தேவேந்திரன் சந்தோஷமாக நிமிர்ந்தான். அப்போது வாடைக்காற்று ஒன்று ஆற்றைத் தாண்டி வந்து அவன் ஈர முதுகைத் தொட்டது. உச்சி முதல் கால் வரை ஒரு சிலுப்புச் சிலுப்பினான். தலைமுடியிலிருந்து தெறித்த தண்ணீர் பரமசிவன் முகத்தில் பட்டது.

பரமசிவன் அதைத் துடைத்துக்கொள்ளவில்லை. காரின் கழுத்திலிருந்த மாலையை மரியாதையாகக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.

இப்போது காரை முத்துராணிதான் ஓட்டுகிறாள். லைசென்ஸ் அவளுக்கும் உண்டு. வளைவில் காலை எடுத்தால் கார் சொன்னபடி கேட்கிறது. பாபநாசம், ஜங்ஷன் எங்கு வேண்டுமானாலும் போகிறது. தேவேந்திரன்தான் ஊர் எல்லை தாண்டக் கூடாது. அவனை யாரும் திட்டுவதில்லை. எந்தக் கடை முன்னால் நின்றாலும் இரண்டு பழம் கொடுத்து, தொட்டுக் கும்பிட்டு அனுப்புகிறார்கள். அரைச் சுற்றுச் சதை போட்டுவிட்டான். ஊரார் அவன் இடுப்பைப் பார்த்துத் தலையாட்டுகிற விதம்தான் அவனுக்குப் பிடிக்கவில்லை.

கொடைக்குப் பந்தக்கால் நாட்டிய அன்று பரமசிவனைத் தனியாகப் பிடித்துக் கேட்டான்.

"அண்ணாச்சி, பூசணிக்காய்தான வெட்டுவீக?"

பரமசிவன் மீசையைத் தடவியபடி யோசித்தார்.

"அது காருக்குப் பேசினதுல்லாலே. ஒனக்குன்னா புதுசா கூட்டம் போட்டுத்தான் சொல்லணும்."